கிட்னி பெல்ட் எதைத் தாங்கும்?

காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் காப்பட் வீதியை விட்டுச் சம்மாந்துறை வட்டைக்குள் மோட்டார் சைக்கிளைத் திருப்பினால், கிரவல் தொடங்கிவிட்டதைக் கண்ணுக்கு முந்தி நாரி சொல்லிவிடும். நிந்தவூர், அட்டாளைச்சேனை வட்டைகளுக்குள் இறங்கும் பாதைகளும் வாய்க்கால் கட்டுகளும் இதே ரகம்தான். மாரி வெள்ளம் வடிந்த பிறகு கிட்டங்கித் தாம்போதிப் பக்கம் போய்வந்தவர்களைக் கேட்கவே வேண்டாம். யூரியாப் பையைப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகும் வாப்பாவும், பின்னேரம் அதே கட்டில் முன்சில்லைத் தூக்கி ஓடிக் காட்டும் மகனும் ஒரே குலுக்கத்தைத்தான் வாங்குகிறார்கள். வாப்பா இரவில் நாரிக்கு எண்ணெய் தேய்க்கிறார். மகன் கைப்பேசியில் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில், சாலியபுர கஜபா சுப்பர்குரோஸ் ஓட்டங்களைப் பார்க்கிறான். செம்மண் மேட்டில் எகிறிப் பறந்து விழும் அந்த ஓட்டக்காரர்களின் இடுப்பில் அகலமான பட்டி ஒன்று இருப்பது அவன் கண்ணில் படுகிறது. தனக்கும் ஒரு கிட்னி பெல்ட் வேண்டும் என்கிறான்.

வாங்கலாம். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். கரடுமுரடான பாதையில் ஓடுகிறவரின் இடுப்புக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று குலுக்கம்: மணிக்கணக்காக, ஆயிரக்கணக்கான சிறு உலுக்கல்களாக வருவது. மற்றது அடி: ஒரே தடவை, ஒரு செக்கனில் நூறில் சில பங்குக்குள் வந்து முடிந்துவிடுவது. இரண்டும் வேறு வேறு பௌதிகம். கடையில் தொங்கும் பெல்ட் இரண்டுக்கும் சேர்த்தே விற்கப்படுகிறது. பெரும்பாலான பெல்ட்கள் முதலாவதைக் கொஞ்சம் குறைக்கும். இரண்டாவதன் பக்கமே போகமாட்டா.

சிறுநீரகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அநேகமானோர் ரவுசர் பெல்ட் கட்டும் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். அது அதைவிட மேலே இருக்கிறது. முதுகுத்தண்டின் இருபக்கமும், கடைசி இரண்டு விலா எலும்புகள் மேற்பாதியை மூடியபடி, பக்கத்துக்கு ஒன்றாக அமர்ந்திருக்கிறது. வலது பக்கத்தது ஈரலுக்கு இடம் விட்டுச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளம், கிட்டத்தட்ட 150 கிராம் நிறை. பின்னால் தடித்த முதுகுத் தசை, முன்னால் குடல், சுற்றிவரக் கொழுப்பு, அந்தக் கொழுப்பையும் சேர்த்துச் சுற்றிய ஒரு இழையப் போர்வை. இதயம் வெளியே தள்ளும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு உறுப்புகளுக்குள் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கும் மேல். இவ்வளவு குருதி பாயும் உறுப்பு கிழிந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் மூச்சை இழுத்து விடும் ஒவ்வொரு தடவையும் சிறுநீரகம் சில சென்ரிமீற்றர் கீழிறங்கி மேலேறுகிறது. படுக்கும்போது ஓரிடம், எழுந்து நிற்கும்போது கொஞ்சம் கீழே. கொழுப்பு மெத்தைக்குள் அசைந்துகொண்டிருப்பது அதன் இயல்பு. ஆகவே, 'குலுக்கத்தில் கிட்னி கழன்றுவிடும், பெல்ட் அதைப் பிடித்துவைத்திருக்கும்' என்ற பேச்சு உடற்கூற்றுக்குப் பொருந்தாது.

பொருந்தாத அந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய வைத்தியர்களிடையே 'அலையும் சிறுநீரகம்' என்ற நோய் பெரிய நாகரிகமாக இருந்தது. வயிற்றுவலி, களைப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்றார்கள். 1881இல் பெர்லினில் ஒய்கன் ஹான் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அப்படி இறங்கிய சிறுநீரகத்தைத் தைத்து நிறுத்தினார். அதன் பிறகு சில பத்தாண்டுகள் தையல் போடுவது ஒரு பக்கமும், பஞ்சு வைத்த இறுக்கமான இடுப்புக் கச்சைகளை எழுதிக் கொடுப்பது இன்னொரு பக்கமுமாக நடந்தது. தைத்தும் கட்டியும் நோயாளிகளின் முறைப்பாடுகள் தீராததைக் கண்ட பிறகு, வைத்தியம் மெல்ல அதைக் கைவிட்டது. எழுந்து நிற்கும்போது 5 சென்ரிமீற்றருக்கு மேல் கீழிறங்கும் சிறுநீரகங்கள் உண்மையிலேயே உண்டு. மெலிந்த பெண்களிடம் அதிகம் காணப்படும். ஆனால் அவர்களில் மிகப் பலருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

அதே காலத்தை ஒட்டித்தான் மோட்டார் சைக்கிளும் வீதிக்கு வந்தது. அப்போதைய வண்டிகளில் பின்சில்லுக்கு எந்த வில்லும் கிடையாது. சட்டத்தோடு நேரே பூட்டியிருந்தார்கள். ஓட்டுகிறவர் இடுப்பில் அகலமான தோல் பட்டி கட்டிக்கொண்டார். வைத்தியர்கள் மறந்த பயத்தை மோட்டார் சைக்கிள்காரர்கள் பட்டியோடு சேர்த்துப் பாதுகாத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஜேர்மனி போன்ற நாடுகளில் இதோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது: குளிர்காற்று முதுகில் பட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு என்ற நம்பிக்கை. குளிரில் விறைப்பது முதுகுத் தசைதான். அந்த நாடுகளில் பெல்ட் ஒரு கம்பளி உடுப்பின் வேலையையும் பார்த்தது. கச்சான் காற்று அனலாக வீசும் கல்முனைக்கு அந்த வேலை தேவையில்லை.

இனிக் குலுக்கத்துக்கு வருவோம். சீற்றில் அமர்ந்திருக்கும் மனித உடலைக் கீழிருந்து மேலாக அதிரவைத்தால், ஒரு குறிப்பிட்ட மீடிறனில் உடல் அந்த அதிர்வை அடக்குவதற்குப் பதிலாகப் பெருக்கிவிடுகிறது. பாடசாலையில் 'பரிவு' என்று படித்தது இதைத்தான். நமது நடுவுடலுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 4 முதல் 8 ஹேர்ட்ஸ் வரை, அதாவது செக்கனுக்கு நான்கு முதல் எட்டு அதிர்வு. இதை வட்டைப் பாதையில் வைத்துக் கணக்குப் பார்க்கலாம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகம் என்பது செக்கனுக்கு 10 மீற்றர். பாதையில் இரண்டு மீற்றருக்கு ஒரு பள்ளம் இருந்தால் செக்கனுக்கு ஐந்து உலுக்கல். சரியாக உடலின் பரிவு மீடிறன். வேகத்தைப் பாதியாக்கினால் உலுக்கல் இரண்டரையாகி அந்த எல்லைக்கு வெளியே போய்விடும். அனுபவமுள்ள வயற்காரர்கள் சில துண்டுகளில் மட்டும் வேகத்தை மாற்றி ஓடுவதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு.

அந்தக் குலுக்கத்தில் நோகிற இடம் சிறுநீரகம் இருக்கும் பகுதிதான்; நோவது சிறுநீரகம் அல்ல. முதுகுத்தண்டின் இருபக்கத் தசைகள் ஒவ்வொரு உலுக்கலுக்கும் இறுகித் தளர முயல்கின்றன. உலுக்கல் வேகமாக வரும்போது அவற்றின் பதில் ஒரு கணம் பிந்துகிறது. பிந்தப் பிந்தக் களைக்கின்றன. களைத்த பிறகு பாரம் முழுவதும் முள்ளந்தண்டின் இடைத்தட்டுகளில் விழுகிறது. வேலைத்தளங்களில் முழு உடலும் அதிர்வது பற்றி 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பணிப்புரையே பிறப்பித்தது: எட்டு மணி நேரச் சராசரி 0.5 என்ற ஆர்முடுகல் அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. அந்தப் பணிப்புரையில் பேசப்படும் முதன்மையான கேடு நாரியும் முள்ளந்தண்டும்தான்.

பெல்ட் இந்த இடத்தில் ஏதாவது செய்யுமா? கொஞ்சம் செய்யும். வயிற்றைச் சுற்றி இறுக்கும்போது வயிற்றறைக்குள் அமுக்கம் கூடி நடுவுடல் விறைப்பாகிறது. தசைக்குச் சற்று உதவி கிடைக்கிறது. வயிறு குலுங்குவது குறைகிறது. கூனிக்கொண்டு உட்கார்ந்தால் விளிம்பு குத்தி 'நிமிர்' என்று நினைவூட்டுகிறது. எங்கள் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்குகிறவர்கள் துவாயை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வதும் இதற்குத்தான். ஆனால் இந்த உதவிக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கடைகளில், சாமான் தூக்கி இறக்கும் 9,377 ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தது. இடுப்புப் பெல்ட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் முதுகு நோவிலோ காயத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவர்கள் ஓட்டக்காரர்கள் அல்லர் என்பது உண்மை. என்றாலும், பெல்ட் கட்டினால் முதுகு காப்பாற்றப்படும் என்று சத்தியம் பண்ணுகிற விற்பனைக்காரர் இந்த முடிவுக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

குலுக்கத்துக்கு உண்மையான மருந்து வண்டியிலும் முழங்காலிலும் இருக்கிறது. மோட்டோகுரோஸ் போட்டிகளின் தொடக்கம் 1924இல் இங்கிலாந்தின் கம்பர்லியில் நடந்த ஓட்டம் என்பார்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்குப் பின்சில்லு ஏறி இறங்குவதற்கு இருந்த இடம் மிகச் சிறிது. மீதியை ஓட்டுகிறவரின் உடம்பு வாங்கிக்கொண்டது. லூசியன் டில்கன்ஸ் என்ற பெல்ஜியப் பொறியியலாளர் வடிவமைத்த ஒற்றை அதிர்வுதாங்கி கொண்ட யமஹா வண்டியில், சுவீடனைச் சேர்ந்த ஹோகன் அண்டர்சன் 1973இல் 250 சீசீ உலகப் பட்டத்தை வென்றார். அதிலிருந்து எல்லோரும் அந்த வழியில் போனார்கள். இன்றைய மோட்டோகுரோஸ் வண்டியின் சில்லு 30 சென்ரிமீற்றர் அளவுக்கு மேலும் கீழும் போய்வரும். முன்பு எல்லோர் இடுப்பிலும் இருந்த தனிப் பெல்ட் இன்று பல முன்னணி ஓட்டக்காரர்களின் இடுப்பில் இல்லாமல் போனதற்கு இது ஒரு முக்கிய காரணம். நமது வட்டையில் ஓடும் 100, 125 சீசீ வண்டிக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் பள்ளம் வரும்போது சீற்றிலிருந்து எழுந்து, முழங்காலைச் சற்று மடக்கி, மிதியில் பாரத்தைப் போட்டு நிற்பதற்குக் காசு தேவையில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் சேர்ந்து உலுக்கலை வாங்கிக்கொள்ளும். எந்தப் பெல்ட்டும் இதில் பாதியைக்கூடச் செய்யாது.

அடியின் கதை வேறு. சிறுநீரகம் காயப்படுவது பெரும்பாலும் மழுங்கிய அடியால்: விழும்போது கல்லில் இடுப்பு மோதுவது, பின்னால் வந்தவனின் வண்டி முதுகில் ஏறுவது, எல்லாவற்றுக்கும் மேலாக ஹான்டிலின் நுனி விலாவுக்குக் கீழே குத்துவது. சில வேளை அடியே படாமலும் காயம் வரும். வேகமாக வந்த உடல் திடீரென்று நிற்கும்போது, அந்த அமர்முடுகலில் சிறுநீரகம் முன்னோக்கி இழுபட்டு அதன் நாடியின் உட்சுவர் கிழியலாம். இந்த இரண்டாவது வகைக்கு எந்தப் பெல்ட்டும் தடையாகாது. காயங்களை வைத்தியர்கள் ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். முதற்படி வெறும் கன்றல். ஐந்தாம் படி சிறுநீரகமே சிதறிப்போவது. பெரும்பாலானவை கீழ்ப்படிகளில் நின்றுவிடும். வைத்தியசாலையில் படுத்து ஓய்வெடுத்தாலே ஆறிவிடும்.

பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். உடலின் அளவோடு ஒப்பிட்டால் அவர்களின் சிறுநீரகம் பெரிது. சுற்றியுள்ள கொழுப்பு குறைவு. விலா எலும்புகள் இன்னும் வளையக்கூடியவை, முழுதாக மூடுவதுமில்லை. பிள்ளைகளின் விளையாட்டுக் காயங்களில் சிறுநீரகத்தைத் தாக்குவதில் முதலிடம் பிடிப்பது காற்பந்தோ குத்துச்சண்டையோ அல்ல, சாதாரண மிதிசைக்கிள். காரணம் அதே ஹான்டில் நுனிதான். நுனியில் மாட்டியிருக்கும் ரப்பர் பிடி தேய்ந்து ஓட்டையாகி இரும்புக் குழாய் வெளியே தெரிந்தால், அது வட்டமான ஒரு கத்தி. அதை மூடும் அடைப்புக்குப் போகும் செலவு எந்தப் பெல்ட்டையும்விடக் குறைவு. பெல்ட் விலை கேட்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் ஹான்டிலின் இரண்டு நுனியையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அடியைக் குறைக்க என்ன வேண்டும்? தூரம் வேண்டும். வந்து மோதும் சக்தியை எவ்வளவு நீளமான இடத்தில் உறிஞ்சுகிறோமோ அவ்வளவுக்கு விசை குறையும். 5 கிலோ அரிசிப் பையை இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது அதில் ஏறத்தாழ 50 யூல் சக்தி இருக்கும். அதை 5 மில்லிமீற்றருக்குள் நிறுத்தினால் சராசரி விசை 10 கிலோநியூற்றன். 2 சென்ரிமீற்றர் கிடைத்தால் இரண்டரைதான். தடித்த நுரை எதற்கு என்றால் இதற்குத்தான். மேலே ஒரு கடினத் தட்டும் இருந்தால் கல்லின் கூரிய முனையில் குவியும் விசை அகலப் பரப்புக்குப் பரவும். தட்டும் நுரையும் சேர்ந்தால்தான் அது கவசம்.

ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் முதுகுக் கவசங்களுக்கு இருக்கும் ஈஎன் 1621-2 என்ற தரநிர்ணயம் இந்தச் சோதனையைத்தான் செய்கிறது. 5 கிலோ இரும்பை 50 யூல் சக்தியோடு கவசத்தின்மேல் போட்டு, அடியில் எவ்வளவு விசை வந்துசேர்கிறது என்று அளப்பார்கள். சராசரி 18 கிலோநியூற்றனைத் தாண்டாவிட்டால் முதலாம் நிலை. 9ஐத் தாண்டாவிட்டால் இரண்டாம் நிலை. ஒன்பது கிலோநியூற்றன் என்பதும் சும்மா இல்லை. ஏறத்தாழ 900 கிலோ நிறையின் பாரம். ஆய்வுகூடத்தில் அடியில் இருப்பது இரும்பு, நமது உடம்பு அதைவிட விட்டுக்கொடுக்கும் என்பதால் உண்மையில் விசை குறையும். என்றாலும் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் 70 கிலோ மனிதனிடம் 700 யூல் இருக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் நிலைக் கவசம் போட்டவர் இரும்பு மனிதர் ஆகிவிடுவதில்லை.

இதே தரநிர்ணயம் கவசத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது: முழு முதுகு, நடு முதுகு, கீழ் முதுகு. லேபலில் அவை முறையே எஃப்பி, சீபி, எல்பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளாக நிற்கும். கிட்னி பெல்ட் என்ற பெயரில் வரும் ஒரு பொருள் உண்மையான கவசமா என்று அறிய ஒரே வழி இதுதான்: மோட்டார் சைக்கிளில் ஒருவர் அமர்ந்திருக்கும் சிறிய படம், ஈஎன் 1621-2 என்ற எண், எல்பி என்ற எழுத்துகள், 1 அல்லது 2 என்ற நிலை. இந்த நான்கும் இருந்தால் அது அடி தாங்கச் சோதிக்கப்பட்டது. வெறும் சீஈ முத்திரை போதாது. ஈஎன் 14021 என்று இருந்தால் ஏமாற வேண்டாம். அது முன்னால் போகும் சில்லு வாரி வீசும் கல்லையும் மண்ணையும் தடுப்பதற்கான தரம், விழுந்து மோதும் அடிக்கு அல்ல.

கல்முனை பசாரில் ஒரு கடையில் தொங்கிய பெல்ட்டை நான் எடுத்துப் பார்த்தபோது கடைக்காரர் சொன்னார்: "இது கிட்னிய ஆட உடாது தம்பி. ரேஸ் ஓடுறவங்க எல்லாரும் இதத்தான் போடுற."

"உள்ளுக்கு என்ன இரிக்கி காக்கா?"

"பிளேட் இரிக்கி. நாலு பிளேட்."

முதுகுப் பக்கத்தில் நான்கு பொக்கற்றுகள் இருந்தன. ஒன்றின் வாயை விரலால் விலக்கி இழுத்தேன். வந்தது இரண்டு விரல் அகலமான, வளைத்தால் வளையும் பிளாஸ்டிக் துண்டு. பாடசாலை அடிமட்டத்தின் தடிப்பு. அதன் வேலை பெல்ட் சுருண்டு மடங்காமல் பார்ப்பது. இரண்டு துண்டுகளுக்கிடையில் வெறும் துணியும் இழுபட்டியும். உட்புறத்தில் 'எக்ஸ்எல்' என்ற அளவைத் தவிர லேபலில் ஒன்றும் இல்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை; பிளேட் இருந்தது. நாரி நோவுக்கு வைத்தியசாலைக் கிளினிக்கில் எழுதிக் கொடுக்கும் பெல்ட்டும் இதுவும் ஒரே சாதி. நாரிக்காக வாங்கினால் குறை சொல்ல ஏதுமில்லை. கவசம் என்று நினைத்து வாங்கினால், காசைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு: கவசம் போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் ஒரு கியர் கூட்டி ஓடுவது.

கவசமான பெல்ட்டிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். நுரை எதுவரை நீள்கிறது? முதுகுத்தண்டுக்கு நேரே மட்டும் ஒரு பட்டையாக நின்றுவிட்டால் சிறுநீரகத்தின் வெளிப்பாதி மூடப்படாது. தண்டிலிருந்து இருபக்கமும் ஒரு கையகலம் நுரை வர வேண்டும். மேல் விளிம்பு கடைசி விலாக்களைத் தொட வேண்டும்; கீழ் விளிம்பு இடுப்பெலும்பில் இடிக்கக் கூடாது. அளவெடுப்பது ரவுசர் கட்டும் இடத்தில் அல்ல, தொப்புளைச் சுற்றி. கடையில் நின்றபடி கட்டிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். வெளியே நிற்கும் வண்டியில் ஏறி, மிதியில் எழுந்து, முழங்கையை விரித்து முன்னால் குனிந்து பாருங்கள். அந்த நிலையில் பெல்ட் மேலே ஏறி நெஞ்சாங்கூட்டை நெருக்கினால் அது உங்களுக்குரியது அல்ல. ஆழ மூச்சு இழுக்க முடிய வேண்டும். மூச்சை அடக்கும் அளவுக்கு இறுக்கியவர் ஓட்டத்தின் பாதியிலேயே களைத்துவிடுவார், களைத்தவர்தான் விழுவார்.

அடுத்தது வெக்கை. நியோப்பிரீன் என்ற அந்தக் கறுப்பு ரப்பர்த் துணி குளிருக்காக உருவானது. சோழகம் வீசும் ஆடி மாதத்தில் அதை இடுப்பில் சுற்றினால் வியர்வை வெளியேற வழியில்லை. வலைத்துணி வைத்தது கிடைத்தால் அதையே எடுங்கள். உள்ளே ஒரு பருத்திப் பெனியன் இருக்கட்டும். இதில் வெளியில் தெரியாத ஒரு சங்கதியும் உண்டு. இப்போதைய கவச நுரைகள் பல, மெதுவாக அழுத்தினால் குழைந்து, திடீர் அடி பட்டால் விறைக்கும் வகை. இவற்றின் குணம் வெப்பத்தோடு மாறும். சூட்டில் இளகிவிட்ட நுரை அடியை நிறுத்துவதற்குள் நசிந்து முடிந்துவிடலாம். அதனால்தான் அதே தரநிர்ணயத்தில் 40 பாகை செல்சியசில் சோதித்துப் பார்க்கும் ஒரு விருப்பப் பரீட்சை இருக்கிறது. அதில் தேறியதன் லேபலில் ஆங்கில டீ எழுத்தும் பக்கத்தில் கூட்டல் குறியும் இருக்கும். ஐரோப்பியருக்கு அது விருப்பம். மத்தியான வெயிலில் தார் இளகும் ஊரில் இருக்கும் எங்களுக்கு அது கட்டாயம் என்பேன்.

வெக்கை வேறொரு வழியாகவும் சிறுநீரகத்தைத் தொடுகிறது, இது பெல்ட் பற்றியதல்ல. உடலில் நீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் குருதி குறையும். நோன்பு மாதத்தில் அஸருக்குப் பிறகு கடற்கரை மணலில் வண்டி ஓடும் இளைஞர்கள் காலையிலிருந்து ஒரு துளி தண்ணீர் குடிக்காதவர்கள். அன்று விழுந்து நாரியில் அடிபட்டு, நோன்பு திறந்த கையோடு பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டால், வறண்ட சிறுநீரகத்துக்கு மருந்தும் சேர்ந்து சுமையாகும். அந்த வகை வலிநிவாரணிகள் சிறுநீரகத்தின் குருதியோட்டத்தைக் குறைப்பவை. பனடோல் போதும். அந்த ஓட்டத்தை இரவுக்குத் தள்ளி வைப்பது அதைவிட நல்லது, ஆனால் இதை எந்த வாப்பா சொல்லி எந்த மகன் கேட்டான்?

காசு எண்ணிச் செலவழிப்பவருக்கு என் வரிசை இதுதான்: முகம் மூடும் ஹெல்மெட், கணுக்காலுக்கு மேல் ஏறும் சப்பாத்து, முழங்கால் கவசம், பிறகு முழு முதுகுக் கவசம். முழு முதுகுக் கவசங்கள் பலவற்றில் அகலமான இடுப்புப் பட்டி சேர்ந்தே வரும்; அதை வாங்கியவருக்குத் தனியாக ஒரு கிட்னி பெல்ட் தேவையில்லை. தனிப் பெல்ட் வாங்குவதானால் எல்பி லேபல் உள்ளதை வாங்குங்கள். பலமான அடி ஒன்று வாங்கிய கவசத்தை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும். நுரை உள்ளே நசிந்திருக்கும். வெயிலில் நிற்கும் வண்டியின் சீற்றில் விரித்துக் காயவைப்பதும் அதைக் கெடுக்கும். நண்பன் ஓடும்போது வேடிக்கை பார்க்க எங்கே நிற்கிறோம் என்பதும் இந்தக் கணக்கில் வர வேண்டும். 2024 ஏப்ரல் 21 அன்று ஃபொக்ஸ்ஹில்லில் பாதையை விட்டு விலகிய கார் ஒன்று மோதி 7 பேர் இறந்தார்கள். அது ஒழுங்காக நடத்தப்படும் போட்டி. எங்கள் வாய்க்கால் கட்டில் வளைவின் வெளிப்பக்கம் வரிசையாக நிற்கும் பொடியன்களுக்கு முன்னால் ஒரு கயிறுகூட இல்லை.

விழுந்த பிறகு என்ன செய்வது என்பதில் பெல்ட் போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசமில்லை. விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் வலி கூடிக்கொண்டு போனால், அந்த இடம் கன்றினால், தலை சுற்றினால், சிறுநீர் சிவப்பாகவோ கடும் கபில நிறமாகவோ போனால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வண்டியின் பின்னால் ஏறிப் போகாமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழைப்பது நல்லது. கிழிந்த சிறுநீரகத்தை இன்னொரு தடவை கிரவலில் குலுக்குவதற்கு நியாயமில்லை. சிறுநீர் தெளிவாகப் போவதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவெடுக்கவும் கூடாது. நாடி கிழிந்து குருதியே சிறுநீரகத்துக்குள் போகாதபோது சிறுநீரில் இரத்தம் தெரியாமலே இருக்கலாம். காயத்தின் கடுமைக்கும் சிறுநீரின் நிறத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பிறவியிலோ சத்திரசிகிச்சையாலோ ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர் அதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். வைத்தியரிடம் சொல்ல வேண்டிய மற்ற விடயங்கள் மூன்று: எந்த வேகத்தில் விழுந்தீர்கள், ஹான்டில் நுனி உடம்பில் குத்தியதா, விழுந்த பிறகு சிறுநீர் கழித்தீர்களா.